கம்பியில் குத்திய அட்டை

வேலையை விட்டவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, ஏன் விட்டீர்கள் என்பதல்ல. அட்டை எங்கே என்பதுதான். தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு வேறு கேள்வி தோன்றாது. சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், தன் மகள் பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டாள் என்று மனம் நொந்து சொன்னார். “இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டாளா?” என்றேன். அவர் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்திவிட்டு, என்னை எந்த வீட்டார் அழைத்திருப்பார்கள் என்று யோசிப்பவர் போலப் பார்த்தார்.

எங்கள் பழைய கிளையை இப்போது நடத்துகிறவள் நிர்மலா. என்னிடம் வேலை கற்றவள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஊழியர் சங்கம் ஒரு கையேடு போடுகிறது, அதில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று போனில் கேட்டாள். அறிவுரையாக நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாளே பேசினாள். “இதெல்லாம் சட்டப் புத்தகத்துலயே இருக்கு சார். அந்த ஓட்டை விஷயத்தை எழுதுங்க” என்றாள். எனவே எழுதுகிறேன். அறிவுரை வேண்டாதவர்களுக்கு இது சௌகரியம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெட்ராஸில் மூன்று மாதம் ஓர் அறையில் உட்காரவைத்துச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தேன். பிறகு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் என் மேசைக்கு வந்த தொழிலாளி, எந்தப் பிரிவிலும் இல்லாத ஒன்றைக் கேட்டார்: குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. பயிற்சி அன்றோடு முடிந்தது.

எண்பதுகளில் எங்கள் கிளை விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் கோப்புகள் தாமாகவே கொஞ்சம் நகரும். மற்ற நேரங்களில் நகராது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரையுள்ள நூற்பாலை, தகர டப்பா கம்பெனி, சில இரும்புப் பட்டறைகள் எல்லாம் எங்கள் எல்லைக்குள் வந்தன. புதன்கிழமைதோறும் நான் திண்டிவனம் போய், அங்கிருந்த எங்கள் மருந்தகத்தின் வராந்தாவில் மேசை போட்டு உட்காருவேன். அதற்கு முகாம் என்று பெயர். மேசை மருந்தகத்துடையது. நாற்காலி எதிர் டீக்கடையிலிருந்து வரும். டீக்கடையில் கூட்டம் அதிகமானால் நான் நின்றுகொண்டே முகாம் நடத்துவேன்.

இந்த விஷயம் புரிய ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். தொழிலாளியின் சம்பளத்தில் ஆறு மாதம் சந்தா பிடிப்பார்கள். அதற்கான வைத்திய உரிமை உடனே வராது. மூன்று மாதம் இடைவெளி விட்டு, அதற்கடுத்த ஆறு மாதத்துக்கு வரும். மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் வைப்பது போலத்தான். ஊறுவதற்குள் வீடு மாறிப் போனாலும் ஜாடி ஊறுகாய் போட்டவளுடையதுதானே? அதுபோல, செப்டம்பர் வரை சந்தா கட்டியவன் அக்டோபரில் வேலையை விட்டாலும், அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் கடைசி வரை எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க அவனுக்கு உரிமை உண்டு. ஜூனுக்குள் தொடங்கிய சிகிச்சையை ஜூன் முடிந்தது என்று பாதியில் நிறுத்தவும் முடியாது.

இதை நான் விளக்காத டீக்கடை அந்தச் சாலையில் கிடையாது. நம்பியவர்களும் கிடையாது. வேலையில் இருக்கிறவனுக்கே ஒழுங்காக மாத்திரை கொடுக்காதவர்கள், வேலை இல்லாதவனுக்கா கொடுக்கப் போகிறார்கள் என்பது பொது அபிப்பிராயம். “வேலை போச்சுன்னா கார்டும் போச்சு சார்” என்று எனக்கே பொறுமையாகப் பாடம் சொல்லுவார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பெனிகளில் இருந்த வழக்கம் அப்படி. திண்டிவனத்துத் தகர டப்பா கம்பெனியில் டைம்கீப்பர் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். ஆட்கள் வரும் நேரம் போகும் நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கம்பெனிப் பொருள்களைத் திருப்பி வாங்குவதும் அவர்தான். டோக்கன் ஒன்று, அலுமினிய டம்ளர் ஒன்று, காக்கிக் கோட்டு ஒன்று என்று வரிசையாக வாங்குவார். அந்த வரிசையில் எங்கள் காப்பீட்டு அட்டையையும் எப்போதோ சேர்த்துக்கொண்டார். அட்டை தொழிலாளியின் சொத்து. ஆனால் கம்பெனிக்கு வந்த பிறகு கிடைத்த பொருள், கம்பெனி கையால் கிடைத்த பொருள், ஆகவே கம்பெனிப் பொருள் என்பது கன்னியப்பனின் நியாயம். வாங்கிய அட்டையை மேசைமேல் இருந்த பில் குத்தும் கம்பியில் சொருகிவிடுவார். ஆள் முடிந்தான் என்று அர்த்தம்.

எங்கள் மேலாளர் வேதமூர்த்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் எந்த மனுவையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு கடைசி வரி, அதற்கு முந்தைய வரி என்று ஏணியில் ஏறுவது போல மேலே போவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். “மேல எழுதும்போது மனுஷன் ஜாக்கிரதையா எழுதுவான் ராமலிங்கம். கீழ வர வர அலுத்துப் போயிடும். உண்மை அங்கதான் வரும்” என்றார். அவரிடம் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று கையெழுத்துப் போட. இன்னொன்று அடிக்க. மை வாங்கிப் போடுவது என் பொறுப்பு என்பதால் சொல்கிறேன், அடிக்கிற பேனாவுக்குத்தான் மை அதிகம் செலவாகும். பொய் என்று தெரிந்த ஒரு வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஊர் சுற்றியும் பார்த்ததில்லை. திண்டிவனம் அவருக்கு மெட்ராஸ் போகிற வழியில் பஸ் நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஜூன் மாதக் கடைசிப் புதன்கிழமை. என் முகாம் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு ஆண், துணிப்பையோடு. பெருமுக்கல்லைச் சேர்ந்த லூர்துமேரியும் அவள் கணவன் செபஸ்தியானும். லூர்துமேரி தகர டப்பா கம்பெனியில் ஒன்பது வருஷம் டப்பாவுக்கு ஈயம் பற்றவைத்தவள். பித்தப்பையில் கல். மருந்தகத்து லேடி டாக்டர் போன வருஷமே ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போகச் சொல்லியிருந்தார். கத்திக்குப் பயந்து இவள் போகவில்லை. இப்போது வலி கத்தியைவிட மோசமாகிவிட்டது. டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் மெட்ராஸில் உள்ள எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அட்டை இல்லாமல் சீட்டு இல்லை என்று கம்பவுண்டர் துரைக்கண்ணு திருப்பி அனுப்பிவிட்டார்.

அட்டை எங்கே என்று கேட்டேன்.

“அத கன்னியப்பன் மூஞ்சியிலயே வீசிட்டு வந்துட்டேன் சார்.”

நடந்தது இது. போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். லூர்துமேரிக்குக் கிடைத்த பொட்டலத்தில் பொட்டுக்கடலை இல்லை. கேட்டதற்கு, வேதக்காரிக்கு, கிறிஸ்தவளுக்கு, எதற்குப் பூஜைப் பொரியில் பொட்டுக்கடலை என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்திருக்கிறார். ஒன்பது வருஷமாக வாங்காத பொரியா என்று இவள் ஆரம்பித்து, சூப்பர்வைசரின் பரம்பரை வரை போய், டோக்கன், டம்ளர், அட்டை மூன்றையும் டைம் ஆபீசுக்குள் வீசிவிட்டு, கோட்டைக் கழற்ற மறந்து அப்படியே வெளியே நடந்துவிட்டாள். அன்றோடு வேலை முடிந்தது.

தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தைய ஆறு மாதச் சந்தா முழுசாக இருக்கிறது. ஜூன் முப்பது வரை இவளுக்கு உரிமை உண்டு. அந்த வருஷம் ஜூன் முப்பது சனிக்கிழமை. அதாவது மூன்று நாளில் மெட்ராஸில் சேர்ந்துவிட்டால் ஆபரேஷன் எங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலில் நிற்கிற வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டார்.

இதைச் சொன்னதும் செபஸ்தியான் முதன்முறையாக வாயைத் திறந்தார். “வேலய வுட்டப்புறமும் உண்டா சார்?” என்றார். உண்டு என்றேன். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் கிளம்பினோம்.

கன்னியப்பன் எங்களை மரியாதையாகவே வரவேற்றார். கம்பியில் அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. அடியில் இருந்தவை பழுப்பேறியிருந்தன. நான் விதியைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரு பெரிய நோட்டைத் திறந்தார்.

“நீங்க சொல்றது கரெக்ட்டுங்க சார். ஆனா மேரி பேர்ல கோட்டு ஒண்ணு பாக்கி நிக்கிது. கோட்டு வராம நான் கார்ட எடுத்துக் குடுத்தா, நாளைக்கு ஆடிட்டுல என்னய இன்னா கேப்பான்?”

கோட்டு எங்கே என்று லூர்துமேரியைக் கேட்டேன். அவள் செபஸ்தியானைப் பார்த்தாள். செபஸ்தியான் தரையைப் பார்த்தார். கோட்டு கேப்பைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தது. குருவி விரட்டக் கட்டிய பொம்மைக்கு மாட்டிவிட்டிருக்கிறார். காக்கி உடுப்பு என்பதால் குருவியைவிட ஆடு மேய்க்கிறவர்கள்தான் அதிகம் பயந்தார்களாம்.

“அந்தக் கோட்டுதான் வேணும்” என்றார் கன்னியப்பன். “நம்பர் போட்டது.”

வியாழக்கிழமை காலையில் செபஸ்தியான் பொம்மையை அம்மணமாக்கிவிட்டுக் கோட்டோடு வந்து சேர்ந்தார். கன்னியப்பன் அதை விரித்துப் பார்த்து நோட்டில் எழுதியதை நானே படித்தேன்: ‘கோட்டு 1. ஒரு கை குறைவு. பறவை எச்சத்துடன் பெறப்பட்டது.’ பிறகு கம்பியிலிருந்து மேலே உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, லூர்துமேரியின் அட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மற்றவற்றை அதே வரிசையில் திரும்பக் குத்தினார். ஒழுங்கான மனிதர்.

நான் விழுப்புரம் திரும்ப, அவர்கள் அட்டையோடு மருந்தகத்துக்குப் போனார்கள். துரைக்கண்ணு அதைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஓர் ஓட்டை, அதன் வழியே அவருடைய கண் தெரிந்தது. ஓட்டை போட்டால் கேன்சல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். துரைக்கண்ணு கெட்டவர் அல்ல. ஓட்டை விழுந்த செக் எப்படிச் செல்லாதோ அப்படி அட்டையும் செல்லாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். பதிவேட்டில் அவர் எண்ணை எழுதினால்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அவர் எழுதமாட்டார்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் விழுப்புரம் வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். லூர்துமேரியின் முகம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. படி ஏற முடியவில்லை.

நான் வேதமூர்த்தி முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். வழி ஒன்றும் வைத்திருந்தேன். அட்டை தொலைந்துவிட்டது என்று ஒரு மனு எழுதி வாங்கி, அதற்குப் பதிலாகத் தற்காலிகச் சீட்டு ஒன்று கொடுத்துவிடலாம். தொலைந்த அட்டைக்குத்தான் அன்றைக்கே சீட்டு தரலாம் என்று விதி. எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். மனுவை எழுதியே கொண்டு போயிருந்தேன்.

வழக்கம் போலக் கீழிருந்து படித்தார். கையெழுத்து, தேதி, ‘தங்கள் உண்மையுள்ள’. மேலே ஏறிக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரியில் நின்றார்.

“தொலைஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கே. தொலைஞ்சுதா?”

“இல்ல சார்.”

“எங்க இருக்கு?”

“என் கையில இருக்கு சார்.”

அடிக்கிற பேனாவை எடுத்தார்.

சரி, சிதைந்த அட்டை என்று எழுதலாமா என்றேன். சிதைந்த அட்டைக்கு மாற்று அட்டை மெட்ராஸிலிருந்து வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் ஜூலை வந்துவிடும் என்றார். அது எனக்கும் தெரியும். அதோடு, அட்டையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது சிதையவும் இல்லை என்றார். பேர் தெரிகிறது. எண் தெரிகிறது. தகப்பன் பேர் தெரிகிறது. கம்பி எழுத்தே இல்லாத இடத்தில் இறங்கியிருக்கிறது. நல்ல அட்டையைச் சிதைந்த அட்டை என்று நான் எப்படி எழுதுவேன் என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நியாயமாக நடப்பவர்களோடு வேலை செய்வது எவ்வளவு பேஜார் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். விதித் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டை என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடினார். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை. ஐந்தரை மணிக்குப் புத்தகத்தை மூடினார். “இல்லை” என்றார். “ஓட்டையைப் பத்திச் சட்டத்துக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. நாளைக்கு நானே திண்டிவனம் வர்றேன்.”

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த லூர்துமேரியிடம் போய்ச் சொன்னேன். “யாரு, அந்த மாடி சாரா? அவரு எந்திரிச்சு நடப்பாரா?” என்றாள். வலியிலும் விசாரிக்கத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேதமூர்த்தி என்னோடு பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வெளியூருக்குப் பெண் பார்க்கப் போகிறவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். திண்டிவனம் மருந்தகத்தில் காலைக் கூட்டம். நூற்பாலைக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். லூர்துமேரி பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். துரைக்கண்ணு அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்து, தான் நேற்றே சொன்னதைச் சொன்னார்.

“ஓட்டை போட்ட கார்டு சார் இது. ஓட்டைன்னா கேன்சல்.”

“எந்த விதியில?”

“விதி எதுக்கு சார். ஊரு ஒலகத்துக்கே தெரியும்.”

வேதமூர்த்தி அவரோடு வாதாடவில்லை. மணி என்ன என்று கேட்டார். துரைக்கண்ணு கையைத் தூக்கிப் பார்த்துப் பத்தேகால் என்றார். அவருடைய கடிகாரப் பட்டைக்குள் மடித்துச் செருகிய ஒரு சின்னக் காகிதம் இருந்தது.

“அது என்ன?”

“பஸ் டிக்கெட்டுங்க சார். நான் தெனம் விழுப்புரத்துலேர்ந்துதான வர்றேன். செக்கிங் வந்தா உடனே காட்டலாம்னு இங்க சொருவிக்கினு வருவேன்.”

“கொஞ்சம் கொடுங்க.”

வாங்கினார். விரித்தார். டிக்கெட்டையும் கீழிருந்துதான் படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கண்டக்டர் குத்திய ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

“இதுல ஓட்டை இருக்கே.”

“டிக்கெட்னா ஓட்டை போடுவாங்க சார்.”

“அப்ப கேன்சல். இன்னிக்கு நீங்க டிக்கெட் இல்லாம வந்திருக்கீங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெஞ்சில் கிடந்த லூர்துமேரி கண்ணைத் திறக்காமலே பேசினாள். “ஓட்டை இல்லாததுதான் சார் கள்ள டிக்கெட்டு. எந்தக் கண்டக்டர வேணா கேளுங்க.”

“அது பஸ்ஸு சார்” என்றார் துரைக்கண்ணு. குரல் இறங்கிவிட்டது.

“இது கார்டு” என்றார் வேதமூர்த்தி. “ரெண்டும் காசு கொடுத்தவங்க கையிலதான் இருக்கும்.”

துரைக்கண்ணு கொஞ்ச நேரம் இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து எண்ணை எழுதினார். எழுதி முடித்ததும் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மறுபடி பட்டைக்குள் செருகிக்கொண்டார். உள்ளே டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் லூர்துமேரியும் செபஸ்தியானும் மெட்ராஸ் போனார்கள். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அங்கிருந்த எங்கள் ஆள் போன் செய்தார். ஆபரேஷன் அடுத்த வாரம், ஜூலையில்தான் நடந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல வேடிக்கையாக முடிந்திருக்கும். திங்கட்கிழமை வேதமூர்த்தி என்னைக் கூப்பிட்டு, அந்தக் கம்பியில் மற்ற அட்டைகள் எத்தனை என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். ஏன் எண்ணவில்லை என்றார்.

அன்றைக்கே கம்பெனிக்குப் போனேன். பன்னிரண்டு வருஷமாகக் குத்திக்கொண்டு வருவதாகவும் மேரியைத் தவிர ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லை என்றும் கன்னியப்பன் வருத்தத்தோடு சொன்னார். அட்டைகளைக் கழற்றி மூட்டையாகக் கொண்டுவந்தேன். அவற்றில் போன ஆறேழு மாதத்துக்குள் வேலையை விட்டவர்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தபால் கார்டு எழுதினேன். உங்கள் அட்டை எங்களிடம் இருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், வைத்தியம் வேண்டியிருந்தால் உடனே வரவும். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர், ஏதாவது பிடித்தம் இருக்குமோ என்று பயந்து மச்சானை அனுப்பினார்.

ஒரு பதில் தபாலில் வந்தது. கண்டமங்கலம் பக்கத்திலிருந்து. முனுசாமி என்பவர் மார்ச் மாதம் நெஞ்சு வலியால் வீட்டிலேயே இறந்துவிட்டார், நாட்டு வைத்தியம்தான் பார்த்தோம், அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளவும் என்று யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது. அடியில் மனைவியின் கைநாட்டு. முனுசாமியின் உரிமைக் காலமும் ஜூன் கடைசி வரைதான். மார்ச்சில் அவருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க முழு உரிமை இருந்தது. அட்டை கம்பியில் இருந்தது. நான் புதன்கிழமைதோறும் அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் முகாமுக்குப் போவேன்.

வேதமூர்த்தி அந்தக் கார்டை வாங்கினார். கைநாட்டிலிருந்து ஆரம்பித்து மேலே போனார். மேலே போய்ச் சேர்ந்ததும், அவரை அறிந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒன்றைச் செய்தார். மேலிருந்து கீழாக மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அவர் மாற்றலாகிப் போகும்வரை அது அங்கேயே இருந்தது.

ஆகஸ்டில் லூர்துமேரி வந்தாள். இந்த முறை மாடிப்படியைத் தானே ஏறினாள். கையில் ஒரு மருந்து பாட்டில். உள்ளே அவளுடைய பித்தப்பைக் கற்கள், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவில் நாலைந்து. மேலாளருக்குக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வாங்கி வந்திருந்தாள். வேதமூர்த்தி பாட்டிலை மேசைமேல் வைக்கவிடாமல் கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னார். லேபிளை மட்டும் படித்தார். பிறகு, கம்பெனியில் எத்தனை பேரைத் தெரியும் என்று அவளைக் கேட்டார்.

“எல்லாரையும் தெரியும் சார்.”

வேலையை விடுகிறவர்கள் அட்டையைக் கொடுக்கக் கூடாது, அது அவர்களுடையது, அது அவர்களிடம் இருந்தால் இத்தனை மாதம் வைத்தியம் உண்டு, இதை அவர்களிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“நீங்க ஒரு பேப்பர்ல கொட்டையா எழுதிக் குடுத்துடுங்க. கத்தறத நான் பாத்துக்கறேன்.”

எழுதிக் கொடுத்தோம். விதியை நான் எழுதினேன், அவர் நாலு முறை அடித்தார், ஐந்தாவது முறை கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் லூர்துமேரி கம்பெனி வாசலில் நின்று கத்தினாள். எனக்குப் பத்து வருஷம் டீக்கடைகளில் ஆகாதது அவளுக்கு மூன்று சனிக்கிழமைகளில் ஆனது. அவள் சொன்னதில் பாதி தப்பு. மூன்று மாதத்தையும் ஆறு மாதத்தையும் கூட்டி ஒன்பது என்று எல்லாருக்கும் ஒரே கணக்காகச் சொல்லிவிட்டாள். திருத்தப் போன என்னை வேதமூர்த்தி தடுத்தார். முதலில் அட்டையோடு வரட்டும், கணக்கை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் நான் போனபோது கன்னியப்பனின் கம்பியில் டீக்கடைச் சீட்டுகள் மட்டும் இருந்தன. நோட்டில் டோக்கன், டம்ளர், கோட்டு என்ற மூன்றோடு வரிசை நின்றிருந்தது. லூர்துமேரியின் கோட்டு மட்டும் இன்னும் ‘ஒரு கை குறைவு’ என்றே இருந்தது.

நிர்மலா எழுதச் சொன்னது இதுவரைதான். ஆனால் அவள் எழுதச் சொல்லாத ஒன்றும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற நாள், மாலை போட்டார்கள், பேசினார்கள், மிக்சர் கொடுத்தார்கள். அப்போது நிர்மலா சேர்ந்து மூன்று வருஷம். ஓய்வு பெறுகிறவர்களிடம் அலுவலகப் பொருள்களைத் திருப்பி வாங்கும் பட்டியல் அவள் பொறுப்பு. பட்டியலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அலமாரிச் சாவி ஒன்று, ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, அடையாள அட்டை ஒன்று என்று அவள் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கழுத்தில் மாலையோடு, கண்ணில் கொஞ்சம் ஈரத்தோடு, பர்ஸைத் திறந்து என் மருத்துவ அட்டையையும் எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் துறையில் ஓய்வுக்குப் பிறகும் எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் வைத்தியம் தரும் அட்டை. அவள் பட்டியலில் அது இல்லை. அவள் கேட்கவும் இல்லை. நானே கொடுத்தேன். பெரியவர் கொடுக்கிறார், ஏதோ விதி இருக்கும் என்று அவளும் வாங்கி மேசைமேல் இருந்த கம்பியில் குத்திவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கோ பர்ஸைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வழி நெடுக நானும் அந்த பர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை போய் வாங்கிவந்தேன். நிர்மலா சிரிக்காமல் கொடுத்தாள். அதற்காகவே அவள் உத்தியோகத்தில் இன்னும் மேலே போவாள். அட்டையின் நடுவில், எழுத்து இல்லாத இடத்தில், ஓர் ஓட்டை.

இன்றுவரை அந்த அட்டையைத்தான் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கவுண்ட்டரில் இருக்கும் பெண் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இது கேன்சல் ஆனதா சார் என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் கண்டக்டர் மெஷினில் அடித்துத்தான் கொடுக்கிறார். ஓட்டை போடுவதில்லை.